தோளின் இறுக்கமும் அதைத் தளர்த்தும் வழியும்

(ஏற்காட்டில் கூடிய நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று காலை நமது காரியதரிசி அவர்கள் வரவு செலவுக் கணக்கை வாசித்து முடித்து, "அங்கீகரிப்போர் கை தூக்கலாம்" என்று சொன்னபொழுது சபையில் அநேகமாய் எல்லோரும் கை தூக்கினார்கள். நாம் மேடையருகில் அமர்ந்திருந்தபடியால் ஒரு காட்சியைக் கண்டோம். நாலைந்து பேர் வலக்கையைத் தூக்க முயன்று, மார்பளவில் நிறுத்தி, முகம் சுளித்து, பின்பு இடக்கையைத் தூக்கினார்கள். பெண்மக்கள் வரிசையில் ஓர் அம்மையார் கையை எடுக்காமலே தலையசைத்துத் தமது சம்மதத்தைத் தெரிவித்தார்கள். அவர்கள் கணக்கை ஒப்பவில்லை என்று காரியதரிசி அவர்கள் வருந்த வேண்டுவதில்லை. அவர்களுடைய தோள் ஒப்பவில்லை, அவ்வளவே!

கல்வி, சிக்கனம், விவாகச் செலவு முதலிய பெரிய விஷயங்களைப் பேசும் இம்மேடையில் தோள்வலியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு அற்பமாய்த் தோன்றலாம். ஆயினும் ஒரு குடும்பத்தில் உழைக்கும் கை ஒன்று ஒரு வருஷம், இரண்டு வருஷம் முடங்கிக் கிடக்குமானால் அக்குடும்பத்தின் கல்வியும் சிக்கனமும் என்னவாகும் என்பதை யோசித்தால் இது அற்ப விஷயமன்று என்பது விளங்கும். நாம் வைத்தியரல்லோம். ஆனால் இவ்வியாதியை நமது தோளிலேயே சுமந்து, செய்யத்தகாதவற்றையெல்லாம் செய்து, பிறகு தக்கவர்களிடம் கேட்டும் படித்தும் தெளிந்தவர்கள். நாம் பட்ட பாடு பிறர் படாதிருக்கட்டும் என்பதே இப்பிரசங்கத்தின் நோக்கம்.

முதலில் இதன் பெயரைக் கவனிப்போம். டூப்ளே என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1872-ஆம் ஆண்டில் தோள்மூட்டைச் சுற்றியுள்ள பாகங்களின் அழற்சி என்று இதைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியர் காட்மன் என்பவர் 1934-இல் வெளியிட்ட தமது தோள் நூலில் இதற்கு 'உறைந்த தோள்' என்று பெயரிட்டார். நெவியேஸர் என்பவர் 1945-இல் மூட்டுறையின் தடிப்பும் சுருக்கமுமே இதன் உண்மை என்று காட்டினார். நமது சித்த வைத்தியர்கள் இதைக் கும்பவாதம் என்று வழங்குவர். காட்மன் வைத்த பெயரே இன்று உலகெங்கும் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரினாலேயே நமது மலையில் ஒரு மயக்கமும் உண்டாகியிருக்கிறது.

அம்மயக்கம் யாதெனில், உறைதல் என்றால் குளிரால் உறைதல் என்று கொள்வதாம். சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் நாம் வாழ்கிறோம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் மூடுபனி தோட்டங்களை மூடிக்கொள்ளும்போதுதான் காப்பிப்பழம் பறிக்க வேண்டியிருக்கிறது. குளிரும் பனியும் கூடையும் ஒன்றாய் வருகிற அக்காலத்தில் தோள் பிடித்துக்கொண்டால், "பனி இறங்கிவிட்டது, வெயில் வந்தால் சரியாய்ப் போகும்" என்று சொல்லிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருக்கிறோம். சித்திரை வருகிறது, வெயிலும் வருகிறது, தோள் மட்டும் வருகிறதில்லை. குளிரில் வலி அதிகமாய்த் தோன்றலாம் என்பது மெய். ஆனால் குளிரே இவ்வியாதியின் காரணமானால், வருஷமெல்லாம் வியர்க்கும் சென்னைப் பட்டணத்தில் இது இருக்கலாகாது. அங்கும் இருக்கிறது, மலையடியில் காயும் சேலத்திலும் இருக்கிறது. அவ்வாறே, சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-களில் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தது முதல் நாம் செய்துவரும் பறிப்பு வேலையையும் குற்றஞ்சொல்லுதற்கில்லை. நாற்காலியிலமர்ந்து கணக்கெழுதுவோருக்கும் இது வருகிறது. நமக்கு வந்ததே அதற்குச் சாட்சி.

அங்ஙனமாயின் உள்ளே நடப்பது என்ன? மேற்கை எலும்பின் தலை பந்து போன்றது. தோள்பட்டை எலும்பில் அதற்கேற்ற ஆழமில்லாத கிண்ணம் ஒன்று உண்டு. இரண்டையும் சுற்றி மெல்லிய பை போன்ற ஓர் உறை இருக்கிறது. கை தொங்கும்போது அவ்வுறையின் அடிப்பாகம் தளர்ந்த துணிபோல் மடிந்து கிடக்கும்; கையை உயர்த்தும்போது விரிந்து இடங்கொடுக்கும். இந்த வியாதியில் அவ்வுறை முதலில் அழற்சியடைகிறது. பின்பு தடித்துச் சுருங்கி, தளர்ச்சியாயிருந்த மடிப்புகள் மறைந்துபோகின்றன. வளர்ந்த பிள்ளைக்குப் பழைய சட்டையைப் போட்டால் கையை உயர்த்தவொட்டாமல் கக்கத்தில் பிடிப்பதுபோல உள்ளுறை பிடித்துக்கொள்கிறது. எலும்பு தேயவில்லை, ஆதலால் எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தென்படாது. படத்தில் ஒன்றுமில்லை என்றால் நோயே இல்லை என்று வீட்டார் முடிவுசெய்துவிடக் கூடாது.

இவ்வியாதி மூன்று பருவங்களாய் நடக்கும். முதலாவது வலிப் பருவம். சில மாதங்கள் வலி மேன்மேலும் ஏறும். இரவில் அந்தப் பக்கம் புரண்டால் தூக்கம் கலையும். சட்டென்று கையை நீட்டினால் உயிர் போவதுபோலிருக்கும். இரண்டாவது இறுக்கப் பருவம். வலி சற்றுத் தணியும், ஆனால் கை எழாது. மூன்றாவது தளர்வுப் பருவம். அசைவு சிறிது சிறிதாய்த் திரும்பும். இம்மூன்றும் கடக்க ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரை ஆகலாம். பெரும்பாலோர் நல்ல குணமடைகிறார்கள். சிலருக்குச் சிறிது இறுக்கம் நின்றுவிடுவதும் உண்டு. ஒருமுறை குணமான தோளிலேயே மறுபடி வருவது அரிது. மற்றத் தோளில் வருவதுண்டு.

நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்டவர்களையே இது பெரும்பாலும் பற்றுகிறது. ஆண்களைவிடப் பெண்மக்களுக்கு அதிகம். நூறு பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வரும் என்பர். ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு அதைப்போல் பல மடங்கு அதிகமாய் வருகிறது. நெடுநாள் நீடிக்கவும் செய்கிறது. தைராய்டு சுரப்பிக் கோளாறு உள்ளவர்களுக்கும், அடிபட்டோ, பக்கவாதத்தாலோ, மார்பில் ரண சிகிச்சை செய்துகொண்டதாலோ கையை அசைக்காமல் நெடுநாள் வைத்திருந்தவர்களுக்கும் வருகிறது. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நமது தேசத்தில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாய்க் கணக்கிட்டது. ஆகவே காரணமின்றித் தோள் இறுகினால் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பது முதற்கடமை. இதை நாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறோம் என்றால், நமது கதையே அதுதான்.

ஆறு வருஷங்களுக்கு முன் நமக்கு இடத்தோளில் வலி கண்டது. பனியென்று எண்ணினோம். கையை அசைத்தால் வலிக்கிறது, அசைக்காதிருந்தால் வலியில்லை. ஆதலால் அசைக்காதிருப்பதே மருந்து என்று தீர்மானித்து அங்கவஸ்திரத்தால் கழுத்தில் தூளிகட்டி இரண்டு மாதம் வைத்திருந்தோம். தூளியை அவிழ்த்தபோது கை விலாவோடு ஒட்டிக்கொண்டதுபோலிருந்தது. பிறகு மூட்டை இழுத்துவிடுவதில் பேர்போன ஒருவரிடம் போனோம். ஒருவர் நமது முதுகைப் பிடித்துக்கொள்ள மற்றொருவர் கையை மேலே வலித்துத் தூக்கினார். அன்றிரவு நாம் அலறியது அண்டை வீட்டார் அறிவார்கள். மறுநாள் முதல் முன்னிருந்த அசைவும் போயிற்று. கடைசியில் மலையிறங்கிச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் சென்றோம். அவர் தோளைப் பார்ப்பதற்கு முன் விரலில் ஊசி குத்தினார். நமக்குக் கோபம் வந்தது. நோய் தோளில் இருக்க விரலில் என்ன வேலை என்று நினைத்தோம். சர்க்கரை மிகுதியாயிருந்தது. எத்தனை வருஷமாய் இருந்ததோ அறியோம். தோள் வலிக்காதிருந்தால் கண்ணோ சிறுநீரகமோ கெட்ட பிறகுதான் அறிந்திருப்போம். அன்று முதல் நாம் நமது தோளை வைவதை நிறுத்தினோம். கதவைத் தட்டி எழுப்பிய காவற்காரனை யாராவது வைவார்களா?

நமது உறவில் ஓர் அம்மையாருடைய கதை இதிலும் வருந்தத்தக்கது. அவர்களுக்குத் தலை பின்ன முடியவில்லை, கொடியில் துணி போட முடியவில்லை, பரணில் பானை எடுக்க முடியவில்லை. பறிப்புக் காலத்தில் மேற்கிளையை வளைக்க மாட்டாமல் கூலி குறைந்தது. வெளியே பார்த்தால் வீக்கமுமில்லை, காயமுமில்லை. ஆகவே, "வேலைக்குக் கள்ளம்" என்று வீட்டார் பேசினார்கள். அப்பேச்சுக்கு அஞ்சி அவர்கள் ஒரு வருஷம் வலியை ஒளித்தார்கள். தோள்வலியைவிட அச்சொல்லே தம்மை அதிகமாய் வருத்தியதென்று அவர்கள் நம்மிடம் சொன்னதை நாம் மறக்கமாட்டோம். சகோதரர்களே! கள்ளமா மெய்யா என்பதை நாவினால் தீர்மானிக்க வேண்டாம். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு.

முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு, முன்கையை மட்டும் கதவு திறப்பதுபோல வெளிப்புறம் திருப்பச் சொல்லுங்கள். நல்ல தோள் திரும்பும், இறுகிய தோள் திரும்பாது. பிறகு மற்றொருவர் மெதுவாய்த் திருப்பிப் பார்க்கட்டும். அப்பொழுதும் அதே இடத்தில் நின்றுவிடுமானால் உறையின் இறுக்கம் என்று பெரும்பாலும் கருதலாம். தானாய்த் தூக்க முடியாமல் பிறர் தூக்கினால் எழுமானால், தசைநார் கிழிந்திருக்கலாம். அது வேறு வியாதி, வேறு சிகிச்சை. முடிவுசெய்வது வைத்தியர் பொறுப்பு. அன்றியும், மிளகு பறிக்க ஏணியில் ஏறி விழுந்தபின் வந்த வலி, காய்ச்சலும் வீக்கமும் கூடிய வலி, கை மரத்துப்போதல் ஆகியவற்றில் தாமதிக்கலாகாது. இடத்தோள் வலியோடு மார்பழுத்தமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அது இருதயத்தின் குரலாயிருக்கலாம். அந்நேரத்தில் தைலம் தேடாமல் உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும்.

இனிப் பரிகாரத்தைச் சொல்லுவோம். வலிப் பருவத்தில் வலியைத் தணிப்பதே முக்கியம். டாக்டர் சொல்லும் வலி மாத்திரையை அளவோடு கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்கள் கடையில் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி ஆரம்பப் பருவத்தில் வலியை நன்றாய்க் குறைக்கும். அது சில நாள் இரத்தச் சர்க்கரையை ஏற்றுமாதலால், நீரிழிவுக்காரர் அதைச் சொல்லிப் போட்டுக்கொண்டு சர்க்கரையைக் கவனிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷம் இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுத்தால் தோள் இளகும். நீரிழிவால் உணர்ச்சி குன்றியவர்கள் சூட்டைப் பிறர் கையால் பார்த்துக்கொள்ளட்டும். தூங்கும்போது நல்ல பக்கம் சாய்ந்து, நோயுற்ற கையைத் தலையணையின்மேல் அணைத்து வைக்கலாம். சட்டையோ ரவிக்கையோ அணியும்போது நோயுற்ற கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும்.

இதன் பின் அப்பியாசம். முதலாவது, காட்மன் பெயரால் வழங்கும் ஊசற் பயிற்சி. நல்ல கையை மேஜையில் ஊன்றி முன்சாய்ந்து, நோயுற்ற கையைக் கோயில் மணியின் நாக்குப்போல் தொங்கவிட்டு, முன்னும் பின்னும், பிறகு சிறு வட்டமாகவும் ஆட்டவேண்டும். இரண்டாவது, சுவர் முன் நின்று விரல்களால் பல்லி ஊர்வதுபோல் மேலே ஏறுவது. எட்டிய இடத்தில் வாரத்துக்கொருமுறை கரியால் கோடு போட்டுவையுங்கள். அக்கோடு ஏறுவதைக் காண்பது மனத்துக்குப் பெரிய தைரியம். மூன்றாவது, மல்லாந்து படுத்து, முழங்கைகளை விலாவோடு வைத்து, ஒரு கம்பை இரு கைகளாலும் பிடித்து, நல்ல கையால் நோயுற்ற கையை வெளிப்புறம் மெதுவாய்த் தள்ளுவது. நான்காவது, வலி நன்கு தணிந்த பின், முதுகு தேய்ப்பதுபோல் துண்டை முதுகின் பின்னால் பிடித்து, மேலேயுள்ள நல்ல கையால் கீழேயுள்ள கையைச் சிறிது சிறிதாய் உயர்த்துவது. ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்துத் தடவை, நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை போதும். இழுவை தெரியலாம், ஆனால் செய்த பின் வலி அடங்காமல் மறுநாளும் நிற்குமானால் அளவு மிஞ்சிவிட்டது என்று குறைத்துக்கொள்ள வேண்டும்.

பலமாய் இழுத்தால் சீக்கிரம் சரியாகும் என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். 2004-இல் ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர், இவ்வியாதியுள்ள 77 பேரைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். வலியின் எல்லைக்குள் மென்மையாய்ப் பயின்றவர்களில் இரண்டு வருஷ முடிவில் நூற்றுக்கு 89 பேர் ஏறக்குறைய வலியற்ற நல்ல நிலையை அடைந்தார்கள். வலியை மீறிக் கடுமையாய்ப் பயிற்சி செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேரே அந்நிலையை எய்தினார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஒரே அடியாய் அடித்தால் அம்மி உடையும். நமது முன்னோர் தைலத்தையும் ஒற்றடத்தையும் நாம் குறைகூறவில்லை. மெல்லத் தடவி வெதுப்புவது நல்லது. முறுக்கி வலிப்பதே தீது.

மாதக்கணக்கில் முயன்றும் தளராத தோளுக்கு ஆஸ்பத்திரியில் வேறு வழிகளுண்டு. மூட்டுறைக்குள் நீரைச் செலுத்தி விரிப்பது, மயக்கமருந்து கொடுத்து மூட்டை அசைத்துத் தளர்த்துவது, நுண்குழாய் வழியாய் உறையை அறுத்துவிடுவது என்பன அவை. 2020-இல் வெளிவந்த ஆங்கில தேசத்து ஆராய்ச்சியொன்றில் 503 நோயாளிகளைச் சேர்த்து, ஊசியோடு கூடிய முறையான பயிற்சி, மயக்கத்தில் அசைத்தல், நுண்குழாய் ரண சிகிச்சை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றிலும் நோயாளிகள் பெரிதும் தேறினார்கள். ஒன்று மற்றொன்றைவிடத் திட்டமாய் மேலென்று சொல்லக்கூடிய வேற்றுமை இல்லை. ஆதலால் எடுத்தவுடன் கத்தியை நாடிக் கடன்பட வேண்டியதில்லை. பயிற்சியே வீட்டில் கிடைக்கும் மலிவான மருந்து என்பது பெறப்படும்.

"மலையிலிருந்து இருபது கொண்டையூசி வளைவு இறங்கி வாரந்தோறும் சேலம் போக முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதற் சோதனைக்கு ஏற்காட்டு அரசாங்க ஆஸ்பத்திரியே போதும். மேற்சிகிச்சை வேண்டுமானால் சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழக அரசாங்கம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில், நீரிழிவு, இரத்த அழுத்தத்திற்குரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவருவதோடு, தேவையானவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியையும் வீட்டிலேயே அளிக்க ஏற்பாடு உண்டு. கிராமச் சுகாதார ஊழியரைக் கேட்டு அதன் பயனைப் பெறவேண்டும். முறையை ஒருமுறை கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டால், பிறகு சுவரும் கம்பும் துண்டும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன.

தோட்டம் வைத்திருக்கும் அங்கத்தினருக்கும் ஒரு விண்ணப்பம். தோள் இறுகிய தொழிலாளியை வேலையினின்று நீக்கிவிடாதீர்கள். ஏணியேறி மிளகு பறிப்பதும், மேற்கிளையை வளைப்பதும், தலைச்சுமையும் அவர்களுக்கு வேண்டாம். பழம் பொறுக்குதல், களத்தில் காயும் கொட்டையைக் கிளறுதல், தரம் பிரித்தல் போன்ற இடுப்பளவு வேலைகள் எத்தனையோ உண்டு. கையை முழுதும் கட்டிப்போடுவதைவிட இவ்வேலைகளே அவர்களுக்கு நல்லவை, கூலியும் நிற்காது.

நமது சங்கத்தாருக்கு நாம் கூறிக்கொள்வது இரண்டு. வருஷந்தோறும் கூடும் இக்குடும்பக் கூட்டத்தில், சாப்பாட்டுப் பந்திக்கு முன், நாற்பது வயது கடந்த ஆண் பெண் அனைவருக்கும் இரத்தச் சர்க்கரைச் சோதனை நடத்தவேண்டும். பந்திக்குப் பின் நடத்தினால் நமது ஜிலேபியைத்தான் சோதித்ததாகும்! இரண்டாவது, வீட்டில் ஒருவர், அதிலும் ஒரு பெண்மணி, கை எழவில்லை என்று சொன்னால், அதை முதல்நாளிலேயே நம்புங்கள்.

நாம் முன்னே சொன்ன அம்மையார் சோதித்துப் பார்த்ததில் அவர்களுக்கும் சர்க்கரை இருந்தது. மருந்துண்டு, பத்தியமாயிருந்து, கரிக்கோடு பார்த்துப் பார்த்து ஒன்றரை வருஷம் பயின்றார்கள். சென்ற வைகாசியில் சேர்வராயர் கோயில் திருவிழாவிற்குப் புறப்படும்போது, தமது மகளை முன்னால் உட்காரவைத்துத் தலைபின்னிப் பூவும் சூட்டினார்கள். பிறகு மலையுச்சியில் இரு கைகளையும் தலைக்குமேல் குவித்துக் கும்பிட்டார்கள். இன்று காலை தலையசைத்துச் சம்மதம் சொன்ன அம்மையாருக்கும், இடக்கை தூக்கிய அன்பர்களுக்கும் அந்நாள் வரும். குளிரைக் காரணஞ்சொல்லிக் காத்திராமலும், கட்டிப்போடாமலும், பிடித்திழுக்காமலும், சர்க்கரையைப் பார்த்து, நாள்தோறும் சிறிது பயில்வார்களானால் அது விரைந்தே வரும். அடுத்த வருஷக் கணக்கைக் காரியதரிசி அவர்கள் வாசிக்கும்பொழுது இச்சபையில் எல்லாக் கைகளும் உயர எழக் காண்போமாக.